மலிவாக அடித்த பெயின்ட்: திரும்ப அடிக்குமுன் கொஞ்சம் பொறுங்கள்

(கிளிநொச்சியில் நடந்த ஓர் ஒன்றுகூடலில், மலையகத்திலிருந்து சென்ற தோட்டக் குடும்பங்களுக்கும் அங்கு குடியிருக்கும் உறவினர்களுக்கும் எமது தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை.)



நலன்புரி உத்தியோகத்தர் எழுந்து நின்றால் சத்துணவு, மலசலகூடம், குடிப்பழக்கம் இந்த மூன்றில் ஒன்றைத்தான் பேசுவார் என்று நீங்கள் நினைப்பது எமக்குத் தெரியும். இன்று நாம் பேசப்போவது கார் பெயின்ட்டைப் பற்றி. சிரிக்க வேண்டாம். இதுவும் உங்கள் வீட்டுக் காசைப் பற்றிய பேச்சுத்தான். ஒரு தாயின் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போகாமல் தப்பிய கதை இது.

2020 மார்ச் மாதம் நாட்டுக்குள் வாகனம் இறக்குவது நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட 5 வருடத்தில் பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. முன்பு யாரும் திரும்பிப் பார்க்காத வண்டிகளுக்கெல்லாம் புதுப் பெயின்ட் அடித்து விற்றார்கள். எமது தோட்டங்களிலும் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கைக்கு வந்த குடும்பங்கள் சில பழைய கார், பழைய ஆட்டோ வாங்கின. ஓடி உழைக்கலாம், இரவில் ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்ற நல்ல எண்ணத்தில்தான்.

அப்படி வாங்கியவர்களில் ஒருவர், எமது தோட்டத்து ஃபெக்டரியில் நீண்டகாலம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். வாங்கியது ஒரு பழைய வெள்ளை மாருதி. மகன் ஹயர் ஓடுவதாகத் திட்டம். கலியாண ஹயருக்குப் போவதென்றால் வண்டி பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமே! டவுனில் ஒரு கராஜில், மற்ற இடங்களில் கேட்டதில் பாதிக் காசுக்கு அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். கடும் நீலம் அடிக்கக் கொடுத்தார்கள்.

வண்டி திரும்பி வந்தபோது நாமும் லயத்து வாசலில் நின்றோம். தூரத்தில் வரும்போது நன்றாகத்தான் இருந்தது. கிட்ட வந்ததும் அந்த அம்மா முகம் வாடிப்போயிற்று. பொனெட் முழுக்கத் தோடம்பழத் தோல் மாதிரி சொரசொரப்பு. வலது கதவில் பெயின்ட் வழிந்து கண்ணீர்க் கோடு மாதிரிக் காய்ந்திருந்தது. கூரையில் தூசு மணிகள். பின்பக்கத்தில் மீன்கண் மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள். இடது கதவுக்குக் கீழே இரண்டு கொப்புளம். கேட்டால் கராஜ்காரர், "குடுத்த காசுக்கு இதுதான்" என்று சொல்லிவிட்டாராம்.

மகன் உடனே சொன்னான்: "அம்மா தோட்ட அடகு வச்சாவது வேற எடத்துல திரும்ப அடிப்போம்."

பாருங்கள், ஏமாற்றம் வரும்போது எமக்கு முதலில் வரும் யோசனை இதுதான். போன காசைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் காசை அனுப்புவது. அப்போது எமக்கும் வேறு வழி தெரியவில்லை.

அந்த மாதம் அவர்களின் உறவுக்காரப் பிள்ளை ஒன்றுக்குக் கிளிநொச்சியில் கலியாணம். எம்மையும் அழைத்தார்கள். அதே காரிலேயே கண்டிக்குப் போய், அங்கிருந்து ஏ9 வீதியைப் பிடித்து, தம்புள்ளை, வவுனியா தாண்டி வந்து சேர்ந்தோம்.

இங்கே இருக்கும் உறவினர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. தோட்டத்தில் இருந்து வந்த இளைஞர்களுக்காகச் சொல்கிறோம். 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களில் மலையகத்தை விட்டுத் துரத்தப்பட்ட எமது சனங்களில் பல குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. எஸ். ஏ. டேவிட், டாக்டர் இராஜசுந்தரம் ஆகியோர் நடத்திய காந்தியம் இயக்கம் அவர்களுக்குக் கைகொடுத்தது. பாரதிபுரம், மலையாளபுரம், தொண்டமான்நகர், தருமபுரம் என்று போனால் இன்றும் எமது பேச்சு காதில் விழும். கலியாண வீட்டு மாமாவும் 1977 க்குப் பின் வந்தவர்தான். சின்ன வயதில் கொழுந்துச் சாக்குத் தூக்கியவர், இங்கே வந்து வாகன வேலை பழகினார்.

அவர் பழகிய காலம் சாதாரண காலம் அல்ல. 1990 க்குப் பின் வன்னிக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. புதிய வாகனம் கனவிலும் இல்லை. 1950களில் இங்கிலாந்தில் செய்த ஒஸ்ரின், மொரிஸ் கார்களைத்தான் ஓட்டினார்கள். சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். பின்னால் புகை கிளம்பும், ஆனால் வண்டி போகும். ஒரு பொருள் பழுதானால் வீசுகிற பழக்கம் அந்தக் காலத்தில் இங்கே கிடையாது. எது உள்ளே கெட்டது, எது மேலே மட்டும் கெட்டது என்று பார்த்துப் பிரிக்கிற பழக்கம்தான் இருந்தது.

மாமாவுக்கும் ஓர் ஒஸ்ரின் இருந்தது. 2009 இல் இறுதிப் போரில் முள்ளிவாய்க்கால் வரை கொண்டுபோனார். அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

மாருதியைச் சுற்றி ஒருதரம் நடந்தார். கையை வைத்துத் தடவினார். பிறகு சொன்னார்: "தம்பி, திரும்ப அடிக்க வேணாம். இதுல முக்கால்வாசி மேல் குறை. கையால எடுத்திரலாம். ஆனா அந்தக் கொப்புளம் இருக்கே, அது அடிக் குறை. அதத் தொறந்து பாக்கணும்."

இன்றைய பேச்சில் நீங்கள் மனதில் வைக்க வேண்டியது இதுதான். பெயின்ட்டின் குறை இரண்டு வகை. மேல் குறை, அடிக் குறை. மேல் குறைக்குப் பொறுமை போதும். அடிக் குறையை எவ்வளவு தேய்த்தாலும், எத்தனை தரம் மேலே பெயின்ட் அடித்தாலும் அது போகாது.

முதலில் மேல் குறைகள் ஏன் வருகின்றன என்று பார்ப்போம்.

தோடம்பழத் தோல்: பெயின்ட் தடிப்பாக இருந்து தின்னர் போதாவிட்டால் வரும். ஸ்பிரே கன்னைத் தூரத்தில் பிடித்தாலும், கடும் வெயிலில் அடித்தாலும் வரும். பெயின்ட் துளி தகட்டில் விழுந்து பரவுவதற்குள் காய்ந்துவிடுகிறது.

வழிவு: கன்னைக் கிட்டப் பிடித்து, ஒரே இடத்தில் கையை நிறுத்தினால் பெயின்ட் கூடிப்போய் வழியும்.

தூசு மணி: றோட்டோரக் கொட்டிலில் அடித்தால் வரத்தானே செய்யும். வன்னியில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் தூசு இன்னும் மோசம்.

மீன்கண்: தகட்டில் எண்ணெய், மெழுகு, பொலிஷ் மிச்சம் இருந்தால் பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகிக் குழியாகும். காற்றடிக்கும் கொம்பிரசரில் இருந்து வரும் எண்ணெயும் தண்ணீரும் இதைச் செய்யும். சிலர் பெயின்ட் அடிக்குமுன் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கிறார்கள். அது அழுக்கை எடுக்கும், ஆனால் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிடும்.

வெண்படலம்: இது எமது மலைநாட்டுக் குறை. மழை, மூடுபனி நேரத்தில் என்.சி. பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டி மேலே பால் மாதிரிப் படர்ந்துவிடும்.

அடுத்து, என்ன பெயின்ட் என்று தெரிய வேண்டும். மாமா பெற்றோல் மூடியின் உட்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், ஒரு வெள்ளைத் துணியில் துளி தின்னர் நனைத்துத் தேய்த்தார். நீலம் கரைந்து துணியில் வந்தது. அப்படியென்றால் என்.சி. பெயின்ட். கரையாவிட்டால் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்ட்டாக இருக்கலாம். தோல் சுருங்கி எழும்பினால் எனாமல். எனாமலுக்கு மேல் என்.சி. பெயின்ட் அடித்தால் முழுவதும் சுருங்கிப்போகும். இந்த ஒரு சின்னச் சோதனையால் பெரிய நட்டம் தப்பும்.

இனி வேலை. அடித்த மறுநாளே தேய்க்கக்கூடாது. என்.சி. என்றால் ஒரு கிழமை காய விடுங்கள். எனாமல் என்றால் பல கிழமை பொறுக்க வேண்டும். எமது கார் அடித்து மூன்று கிழமை ஆகியிருந்தது.

ஒன்று. வண்டியை நிழலில் விட்டு நன்றாகக் கழுவுங்கள். ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் அது கீறலாகும்.

இரண்டு. ஓரங்கள், மடிப்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பெயின்ட் அங்கேதான் மெல்லியது. பெயின்ட்டின் மேல் பூச்சு எங்கள் தலைமயிர் ஒன்றின் தடிப்புக்கும் குறைவு என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

மூன்று. வழிவை முதலில் எடுங்கள். சின்னக் கட்டையில் 800 ஆம் நம்பர் வோட்டர் பேப்பரைச் சுற்றி, வழிவின் மேல் மட்டும் தேய்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் நல்ல பெயின்ட்டைத் தொடக்கூடாது. வழிவு உள்ளே இன்னும் மெத்தென்று இருந்தால் விட்டுவிடுங்கள், காயட்டும்.

நான்கு. மீன்கண் குழிகளில் தீக்குச்சி நுனியால் அதே பெயின்ட்டைத் துளித்துளியாக வையுங்கள். காய்ந்தபின் மறுபடி வையுங்கள். சுற்றியுள்ள மட்டத்துக்குச் சற்று மேலே வந்ததும் காயவிட்டுத் தேய்த்து மட்டமாக்குங்கள்.

ஐந்து. சொரசொரப்புக்கும் தூசு மணிக்கும் 1000, பிறகு 1500, பிறகு 2000 ஆம் நம்பர் பேப்பர். பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, வாளித் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அழுத்தும் இடம் பள்ளமாகும். மாமா பழைய இறப்பர்ச் செருப்பில் ஒரு துண்டை வெட்டி, அதில் பேப்பரைச் சுற்றிக் கொடுத்தார்.

ஆறு. அடிக்கடி துடைத்துப் பாருங்கள். மங்கலுக்கு நடுவே மினுங்கும் புள்ளி தெரிந்தால் அது இன்னும் பள்ளம். எல்லாம் ஒரே மங்கலாக வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் ஒரு இழுப்பும் வேண்டாம்.

ஏழு. பிறகு ரப்பிங் கொம்பவுண்ட், அதற்குப் பிறகு பொலிஷ். மெல்லிய பருத்தித் துணியால், நேர் கோட்டில், கொஞ்சம் கொஞ்சமாக. என்.சி. பெயின்ட்டில் துணியில் நிறம் வருவது வழமை, பயப்பட வேண்டாம். ஆனால் மேலே கிளியர் அடித்த பெயின்ட்டில் நிறம் வந்தால் கிளியர் போய்விட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்த வேண்டும்.

மாமாவும் மகனும் நாமுமாக மூன்று நாள் தேய்த்தோம். முதல்நாள் பொனெட் மங்கி, சாம்பல் பூசியது மாதிரி ஆனபோது அந்த அம்மா, "இருந்ததும் போச்சே" என்று தலையில் கை வைத்துவிட்டார். மறுநாள் கொம்பவுண்ட் போட்ட பிறகு அதே பொனெட்டில் கூரைத் தகரத்தின் வரி தெளிவாகத் தெரிந்தது. அவர் கிட்ட வந்து தன் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

எமது தவறையும் சொல்ல வேண்டும். "டேப் எதுக்கு, நாம் கவனமாகத் தேய்ப்போம்" என்று பொனெட்டின் ஓரத்தை நாமே தேய்த்தோம். பத்து இழுப்பில் நீலம் போய்ப் பிரைமர் தெரிந்தது. மாமா சிரித்தார். "கவர்மென்ட் பரீட்சை பாஸ் பண்ணினா போதாது ஐயா, டேப் ஒட்டணும்" என்றார். அந்த இடத்தில் தூரிகையால் தொட்டு வைத்தோம். இன்றும் உற்றுப் பார்த்தால் தெரியும்.

இப்போது அடிக் குறைக்கு வருவோம். இதுதான் முக்கியம்.

மூன்றாம் நாள் மாமா ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி இடது பக்கம் முழுக்க வைத்துப் பார்த்தார். மற்ற இடங்களில் ஒட்டியது. கொப்புளம் இருந்த இடத்தில் ஒட்டாமல் விழுந்தது. அப்படியென்றால் அங்கே தகடு இல்லை, அல்லது தகட்டின் மேல் கெட்டலோய் தடிப்பாக அப்பியிருக்கிறது. ஸ்குரூ டிரைவரால் குத்தினார். கெட்டலோய் கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே தகடு துருப்பிடித்து விரல் நுழையும் ஓட்டை. கதவுக்குக் கீழ்ச் சட்டமும் பாதி அரித்துப்போயிருந்தது.

யோசித்துப் பாருங்கள். தோட்டை அடகு வைத்து மறுபடி பெயின்ட் அடித்திருந்தால், அந்த ஓட்டையும் சேர்த்து அழகாக மூடியிருப்பார்கள். அந்தக் காரில்தான் பிள்ளை பெறப்போகும் தாயை ஏற்றிக்கொண்டு இரவில் மலைப் பாதையில் இறங்கியிருப்பார்கள். சட்டம் அரித்த வண்டி மோதினால் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றாது. மாமா தெரிந்த ஒரு வெல்டிங்காரரிடம் பழுதான பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துத் தந்தார். காசு செலவானது அதற்கு மட்டும்தான். அது செலவாகத்தான் வேண்டும்.

ஆகவே பழைய வாகனம் வாங்கப் போகிறவர்கள் புதுப் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். காந்தத்தைக் கொண்டு போங்கள். கதவின் அடி, சில்லுக்கு மேல் வளைவு, தரை விரிப்புக்குக் கீழே பாருங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பெருவெள்ளம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் புதுப் பெயின்ட் அடிக்கலாம். துரு உள்ளேயிருந்து கிளம்பி வரும்.

இன்னும் மூன்று விடயம் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, சுகம். டூ-கே பெயின்ட்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேற்று என்ற பொருள் இருக்கிறது. அதன் புகாரைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரும். வந்தால் இலேசில் விடாது. லேஞ்சியை மூக்கில் கட்டினால் போதாது. வீட்டு முற்றத்தில் டூ-கே ஸ்பிரே அடிக்கும் வேலையே வேண்டாம். பழைய வண்டிகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே ஈரமாகவே தேய்க்க வேண்டும், பிள்ளைகளைக் கிட்ட விடக்கூடாது, கை கழுவாமல் சாப்பிடக்கூடாது. தின்னரைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். லயத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, சட்டம். வாகனப் பதிவுப் புத்தகத்தில் நிறம் எழுதியிருக்கும். வெள்ளையை நீலமாக்கினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். எமது நண்பர் இதை மறந்துவிட்டார். வழியில் பொலிஸ் சோதனையில் மாட்டாதது அதிர்ஷ்டம். திரும்பிப் போனதும் முதல் வேலையாக அதைச் செய்வித்தோம்.

மூன்றாவது, தொழில். தம்பிமாரே, இந்த வேலையைக் கையால் பழகிய மாமாவுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. உங்களுக்கு அப்படி இருக்கத் தேவையில்லை. இதே கிளிநொச்சியில் அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜெர்மன் பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார்கள். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கிறது. சாதாரண தரம் முடித்துவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போகலாமா என்று நிற்கிற பிள்ளைகள் இதையும் விசாரித்துப் பாருங்கள். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுமானால் எமது அலுவலகத்துக்கு வாருங்கள். இங்கே உறவும் இருக்கிறது, தங்கிப் படிக்கலாம்.

கார் இப்போது ஓடுகிறது. புதுக் கார் மாதிரி என்று பொய் சொல்லமாட்டோம். பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கூரையில் கொஞ்சம் சொரசொரப்பு மிச்சம் இருக்கிறது. வழிவு எடுத்த இடம் மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் கீழ்ச் சட்டம் உறுதி. போன மாதம் இரண்டு கலியாண ஹயர், ஓர் ஆஸ்பத்திரி ஓட்டம். அந்த அம்மா இன்றைய கூட்டத்துக்கும் அதே காரில்தான் வந்திருக்கிறார். மூன்றாம் வரிசையில் இருக்கிறார். காதில் தோடும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.